அத்தியாயம் 7: நீர் என்னும் பசை

ஜனவரியில் வின்னிபெக் நகரத்தில் விடிய எட்டரை மணியாகிவிடும். அன்று அந்த நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 31. நண்பர் ஒருவர் வீடு மாறுகிறார். அவருடைய சாப்பாட்டு மேசையை என் பிக்கப் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டி வாசலில் நின்றிருந்தது. அதன் முகப்பிலிருந்து ஒரு வயர் வெளியே தொங்கி, வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகியிருந்தது. கனடாவின் சமவெளி மாகாணங்களில் இது அன்றாடக் காட்சி. இன்ஜினில் ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். இரவில் அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும்.

இன்ஜின் கிளம்பியது. பின்கதவுதான் திறக்கவில்லை.

கைப்பிடிக்குள் விரல்களை நுழைத்து மேலே இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன். சுவரில் பதித்த கல்லை இழுப்பதுபோல் இருந்தது. மூன்றாம் முறை இரண்டு கைகளாலும் முழு பலத்தோடு இழுத்தபோது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி லேசாகிவிட்டது. திறந்துகொண்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். கதவு அப்படியே நின்றது. கைப்பிடி மட்டும் பிடிமானம் ஏதுமில்லாமல் மேலும் கீழும் ஆடியது.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் குழாய் வேலை செய்பவர். சத்தம் கேட்டதும் ஷவலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு வந்தார்.

“விடுங்கோ தம்பி. இனி இழுக்காதேங்கோ. நேற்று வண்டியைக் கழுவினீங்களோ?”

“ஆமாண்ணே. நேத்து மத்தியானம் மைனஸ் மூணுதான் இருந்துச்சு. ரோட்டு உப்பெல்லாம் போகட்டும்னு கழுவினேன்.”

“அதுதான். எது பிடிச்சிருக்குது எண்டு முதல்ல பாப்பம். இழுக்கிறதைப் பிறகு பாப்பம்.”

அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களில் இந்த அத்தியாயத்தின் அறிவியல் முழுவதும் இருக்கிறது. குளிரில் ஒரு கதவு மாட்டிக்கொண்டால் ‘குளிரில் இறுகிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் குளிர் ஒரு கதவைப் பல வழிகளில் பிடிக்கிறது. ஒவ்வொரு பிடியும் ஒவ்வொரு விதமாகத்தான் விடும். ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் நோய் முற்றும். என் கதவுக்கு நடந்தது அதுதான்.

கதவின் வயிற்றுக்குள்

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்னால் சரக்குத் தொட்டி பொருத்தி, தொழிற்சாலையிலேயே முழுதாகத் தயாரித்த பிக்கப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். அந்த முதல் வண்டியிலேயே பின்கதவு உண்டு. கொக்கியும் சங்கிலியுமாகக் கதவைத் தாங்கிய பழைய வண்டிகளில் எல்லாம் வெளியே தெரியும். பனி பிடித்திருந்தால் கண்ணால் பார்த்துத் தட்டிவிடலாம்.

இன்றைய கதவில் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கிறது. கதவின் நடுவில் கைப்பிடி. அதன் பின்புறம் ஒரு சிறு நெம்புகோல். அதிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் பென்சில் கனத்தில் ஒவ்வொரு கம்பி போகிறது. கம்பி நெம்புகோலோடு சேரும் இடத்தில் அதைக் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது விரல்நுனி அளவேயான ஒரு பிளாஸ்டிக் கிளிப். கம்பியின் மறுமுனை, கதவின் ஓரத்திலுள்ள தாழில் சேர்கிறது. தொட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு தடித்த முளை நீட்டிக்கொண்டிருக்கும். தாழின் வளைந்த நாக்கு அந்த முளையைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியைத் தூக்கினால் நெம்புகோல் திரும்பும், கம்பிகள் நடுவை நோக்கி இழுபடும், இரண்டு நாக்குகளும் முளையை விடும், கதவு கீழ்க்கீலில் சாய்ந்து விழும். இரண்டு எஃகு வடங்கள் அதைத் தரைக்கு இணையாகத் தாங்கிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் அசைய வேண்டிய இடங்கள் பத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு இடைவெளி உண்டு. இடைவெளி இருந்தால்தான் அசைவு. அந்த இடைவெளிதான் நீர் நுழையும் வாசலும்.

நீர் எப்படி உள்ளே போகிறது

ஓடும் பிக்கப்பின் பின்புறம் செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் முடிகிறது. அதனால் காற்று வண்டியின் உடலைத் தழுவிக்கொண்டே வர முடியாமல் பிரிந்துபோகிறது. பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உருவாகிறது. பின்சக்கரங்கள் வாரியடிக்கும் பனிச்சேறு அந்தச் சுழலில் அகப்பட்டுத் திரும்பி வந்து கதவின் மேலேயே படிகிறது. மண்சாலையில் ஓடும் பேருந்தின் பின்கண்ணாடியில் மட்டும் புழுதி அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் ஒன்றுதான்.

அந்தச் சேற்றில் உப்பு இருக்கிறது. சாலையில் பனி உறையாமலிருக்க உப்பு தூவுகிறார்கள். தூய நீர் 0 டிகிரியில் உறையும். எடையில் 23 விழுக்காடு சாப்பாட்டு உப்பு கலந்த நீர் மைனஸ் 21 வரை உறையாது. உறையும்போது நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டும். இடையில் கரைந்திருக்கும் உப்பின் அயனிகள் அந்த அணிவகுப்பைக் குலைக்கின்றன. சாலைக்கு இது நன்மை, கதவுக்குக் கேடு. மைனஸ் 10-இல் கல்லாகி வெளியிலேயே நின்றிருக்க வேண்டிய நீர், உப்பின் தயவால் திரவமாகவே இருந்து, நூல் நுழையாத இடுக்கிலும் ஊறி இறங்குகிறது. இரவில் மைனஸ் 31 ஆனதும் அதுவும் உறைந்துவிடுகிறது. உப்பைக் கழுவப்போன நானோ முந்தின நாள் மதியம் நல்ல தண்ணீரையும் அழுத்தத்தோடு உள்ளே பீய்ச்சியிருந்தேன்.

உறையும் நீர் சும்மா இருப்பதில்லை. ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. பெரும்பாலான பொருள்கள் திடமாகும்போது சுருங்கும், நீர் விரிகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து, அறுகோண வளையங்களாக நிற்கிறது. கைகளை நீட்டிப் பிடித்து நிற்பவர்களுக்குக் கூட்டமாக நெருக்கி நிற்பவர்களைவிடக் கூடுதல் இடம் தேவை. அதே கணக்குதான். தாழின் நாக்குக்கும் அதன் கூட்டுக்கும் இடையே நிறைந்த நீர், உறையும்போது இரு பக்கமும் அழுத்தி ஆப்புப்போல் இறுகிக்கொள்கிறது.

ஆனால் இறுக்கம் பாதிக் கதைதான். மீதிப் பாதி ஒட்டுதல். நல்ல பசைக்கு என்ன இலக்கணம்? முதலில் திரவமாக இருந்து, பரப்பின் மேடுபள்ளங்களில் எல்லாம் பாய வேண்டும். பிறகு அங்கேயே கெட்டியாக வேண்டும். கோந்து காய்ந்து கெட்டியாகிறது. நீர் குளிர்ந்து கெட்டியாகிறது. உலோகமும் பெயின்ட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மலைத்தொடர்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் எல்லாம் நீர் இறங்கி உறைந்தபின், ஒவ்வொரு பள்ளமும் ஒரு கொக்கி.

இந்த ஒட்டுதலை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் மைக்கேல் ஃபாரடே ஒருவர். ஈரம் கசியும் இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்துப் பிடித்தால் அவை ஒன்றாகிவிடுவதை 1850-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விளக்கினார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய திரவப் படலம் இருக்கிறது, இரு பரப்புகளும் சேர்ந்ததும் அந்தப் படலம் உறைகிறது என்பது அவர் கருத்து. உறைநிலைக்குச் சற்றுக் கீழே திரவம் போன்ற அப்படலம் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. குளிர் ஏற ஏற அந்தப் படலம் மெலிகிறது. அதனால்தான் மைனஸ் 2-இல் ஒரு தட்டில் விட்டுவிடும் பனிக்கட்டி, மைனஸ் 30-இல் உலோகத்தின் ஓர் அங்கம்போல நிற்கிறது.

முதல் பதில்: அசையாத கைப்பிடி

மாட்டிக்கொண்ட கதவிடம் கைப்பிடி வழியாக ஒரு கேள்வி கேட்கலாம். மெதுவாக, இரண்டு விரல்களால் இழுக்க வேண்டும். மூன்று விதமான பதில்கள் வரும்.

கைப்பிடி அசையவே இல்லையென்றால், பிடித்திருப்பது கைப்பிடிக்கும் தாழுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. அன்று காலை எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். அப்போது செய்ய வேண்டியது இழுப்பதற்கு நேர் எதிரானது. கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்து, வண்டியின் முன்பக்கமாக நன்றாகத் தள்ள வேண்டும். தள்ளிப் பிடித்தபடியே கைப்பிடியை மெல்லத் தூக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் மணல் மூட்டையோ விறகோ பனியோ கதவில் சாய்ந்திருந்தால், தாழின் நாக்கு முளையோடு அழுந்தி நிற்கும். (பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் கிடைக்க, குளிர்காலத்தில் பிக்கப் வைத்திருப்பவர்கள் தொட்டியில் மணல் மூட்டை போட்டுவைப்பது வழக்கம்.) அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடும். உள்நோக்கித் தள்ளும்போது அந்த அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. பாதிக் கதவுகள் இதிலேயே திறந்துகொள்ளும் என்பது அண்ணனின் அனுபவம்.

அதற்கும் மசியவில்லையென்றால், சுடுதண்ணீர் ஊற்றினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1761 வாக்கில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பிளாக் ஒரு விந்தையைக் கண்டார். உருகும் பனிக்கட்டிக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், முழுதும் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. கொடுத்த வெப்பமெல்லாம் உள்ளே ஒளிந்துகொள்கிறது. அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டியை 0 டிகிரி நீராக்க மட்டும் 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் 1 கிலோ நீரை 0-விலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதும். பனிக்கட்டி மைனஸ் 30-இல் இருந்தால், அதை 0-வுக்குக் கொண்டுவர இன்னொரு 63 கிலோஜூல். ஆக மொத்தம் 397.

95 டிகிரிக்குச் சூடாக்கிய 1 லிட்டர் நீர் 0-வுக்கு ஆறும்போது கொடுக்கும் வெப்பமும் ஏறத்தாழ 397 கிலோஜூல்தான். துளி வெப்பம்கூடக் காற்றிலும் உலோகத்திலும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், கெட்டில் நிறையச் சுடுநீர் ஒரு கிலோ பனிக்கட்டியை மட்டுமே உருக்கும். பிறகு கையில் இருப்பது என்ன? 0 டிகிரியில் 2 லிட்டர் நீர். சுற்றிலும் மைனஸ் 31-இல் உலோகம். அந்த நீர் ஈர்ப்பு காட்டிய வழியில் கதவின் அடிக்கும் கீல்களுக்கும் இறங்கி, சில நிமிடங்களில் உறையும். ஒரு பிடியை விடுவித்து அதைவிடப் பெரிய பிடியைப் போட்டுவிடுகிறோம். திடீர்ச் சூட்டில் பெயின்ட்டுக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் விரிசல் வரலாம் என்பது கூடுதல் கேடு.

ஆகவே தேவை நீரைக் கொண்டுவராத வெப்பம். அண்ணன் என் வண்டியின் ஹீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பிளக்கிலேயே நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகி, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்தார். 1500 வாட் டிரையர் வினாடிக்கு 1.5 கிலோஜூல் தருகிறது. ஒரு தாழுக்குள் 50 கிராம் பனிக்கட்டி இருந்தால், அதை உருக்கத் தேவையானது 20 கிலோஜூல் அளவு. காகிதக் கணக்கில் 13 வினாடி. உண்மையில் பெரும்பங்கு வெப்பம் காற்றோடு போய்விடும். உலோகமும் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். ஒரு தாழுக்குப் பத்து நிமிடம் பிடித்தோம். தாழ் இருக்கும் இடத்தில் மட்டும், கை தாங்கும் சூட்டில், டிரையரை ஆட்டிக்கொண்டே.

டிரையரை அணைத்து, வயரைப் பிடுங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகே அண்ணன் அடுத்த பொருளை எடுத்தார்: மருந்துக்கடையில் விற்கும் ஐசோப்ரொப்பில் ஆல்கஹால், தெளிப்பான் பாட்டிலில். அது எளிதில் தீப்பற்றும். சூட்டையும் அதையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தூய நிலையில் அதன் உறைநிலை மைனஸ் 89. பனிக்கட்டியின் மேல் பட்டதும் நீரோடு கலந்து, உப்பைப்போலவே மூலக்கூறுகளின் அணிவகுப்பைக் குலைக்கிறது. உப்பைப்போல் துரு ஏற்றுவதில்லை. வேலை முடிந்ததும் ஆவியாகிவிடும். நீர் கலக்கக் கலக்க அதன் உறைநிலை மேலே ஏறும் என்பதால், இந்தக் குளிருக்கு அடர்த்தி மிகுந்த பாட்டில்தான் வேண்டும். சாவித்துவாரத்தில் பனி பிடித்தாலும் இதே மருந்துதான்.

“கையில படவிடாதேங்கோ” என்று அவர் எச்சரித்தார். வெளியே வைத்திருந்த ஆல்கஹால் மைனஸ் 30-இலும் திரவம். தோலில் பட்டால் அந்தக் குளிர் முழுவதும் ஒரே நொடியில் தோலுக்கு மாறும். ஆவியாகும்போது இன்னும் வெப்பத்தை உறிஞ்சும். உறைபுண் வர அதுவே போதும்.

இரண்டாம் பதில்: தொங்கும் கைப்பிடி

கைப்பிடி எந்த எதிர்ப்பும் காட்டாமல் ஆடினால், பிடித்திருப்பது இப்போது பனிக்கட்டி மட்டும் இல்லை. கைக்கும் தாழுக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. முதல் பதிலை நான் வலிமையால் இரண்டாம் பதிலாக மாற்றியிருந்தேன்.

ஏன் உடைந்தது? நெம்புகோல் விசையைப் பெருக்கும். கைப்பிடியின் நீண்ட கரம் 8 சென்டிமீட்டர், உள்ளே கம்பியை இழுக்கும் குட்டைக் கரம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 20 கிலோ பலத்தில் இழுத்தால் கிளிப்புக்கு 80 கிலோ போகிறது. தாழ் நகர்ந்தால் அந்த விசை அங்கே செலவாகிவிடும். தாழ் உறைந்திருந்ததால், இருப்பதிலேயே பலவீனமான கண்ணியின் தலையில் முழுதும் விழுந்தது.

அந்தக் கண்ணி குளிரில் மேலும் பலவீனமாகியிருந்தது. பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். சாதாரண வெப்பநிலையில் சங்கிலிகள் நெளிந்து, வழுக்கி, அடியைத் தாங்கிக்கொள்கின்றன. வெப்பம் குறையும்போது நெளிவு நின்றுவிடுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே பொருள் கண்ணாடியின் குணத்துக்கு வந்துவிடுகிறது. வாளிகளும் மூடிகளும் செய்யும் பாலிப்ரொப்பிலீனுக்கு அந்த எல்லை 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான். கைப்பிடிகளைப் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே அதுவும் அடிதாங்கும் வலிமையைப் பெருமளவு இழக்கிறது. வெயில் காலத்தில் வளைந்துகொடுக்கும் பாகம் குளிரில் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழி இந்த இடத்தில் பொருளறிவியல் விதியாகவே ஆகிவிடுகிறது.

இனி வெளியிலிருந்து வழியில்லை. தொட்டியின் பக்கச் சுவரில் ஏறி உள்ளே இறங்க வேண்டும். கதவின் உட்புறத்தில், திருகுகளால் பொருத்திய ஒரு தகடு இருக்கும். கதவு மூடியிருக்கும்போதே அதைக் கழற்றலாம். அண்ணன் பனியை ஒதுக்கிவிட்டு முழங்காலிட்டு, எட்டுத் திருகுகளைக் கழற்றித் தன் தொப்பியில் போட்டுக்கொண்டார். பனியில் விழுந்த திருகு வசந்தத்தில்தான் கிடைக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். வலப்பக்கக் கம்பி நெம்புகோலிலிருந்து கழன்று தொங்கியது. முறிந்த கிளிப்பின் பாதி அதன் முனையிலேயே ஒட்டியிருந்தது. முறிந்த முகம் வளைவோ இழுபட்ட தடமோ இல்லாமல், உடைந்த ஓடுபோல் நேராக இருந்தது. இரண்டு தாழ்களும் சாம்பல் நிறத்தில் மங்கிய ஒன்றால் நிறைந்திருந்தன. பழைய கிரீஸும் சாலைச் சேறும் பனிக்கட்டியும் சேர்ந்து இறுகிய கலவை.

கிரீஸ் ஏன் இறுகுகிறது என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதில்லை. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட வராது. அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கிரீஸ் என்பது, சோப்பு போன்ற ஒரு நுண்வலைக்குள் பிடித்துவைத்த எண்ணெய். குளிரில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை ஏறி, மெழுகுபோல் ஆகிவிடுகிறது. வழுக்க வேண்டியது ஒட்டுகிறது. குளிர்நாடுகளில் உறைநிலைக்குக் கீழேயும் இளகியிருக்கும் செயற்கை எண்ணெய் கிரீஸ் விற்பது இதற்காகத்தான்.

டிரையரும் ஆல்கஹாலும் வேலை செய்தது இந்தத் திறப்பு வழியாகத்தான். அதன் பிறகு அண்ணன் இரண்டு கம்பிகளையும் இரு கைகளில் பிடித்து, ஒரே நேரத்தில் நடுவை நோக்கி இழுத்தார். என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், பக்கத்தில் தள்ளி நில்லுங்கள் என்றார்; உள்ளிருந்து திறக்கும்போது அந்தக் கனத்த கதவு திடீரென்று வெளியே விழும். முதலில் இடப்பக்கம், ஒரு மூச்சு கழித்து வலப்பக்கம், நாக்கு முளையை விடும் ‘களுக்’ சத்தம் கேட்டது.

கதவு விழவில்லை.

மூன்றாம் பதில்: தாழ் விட்டது, கதவு விடவில்லை

கைப்பிடி வழக்கம்போல் இயங்கி, தாழ் விடும் சத்தமும் கேட்டு, கதவு மட்டும் வராவிட்டால், பிடித்திருப்பது விளிம்பிலுள்ள பனிக்கட்டி. பக்கச் சுவர்களுக்கும் கதவுக்கும் இடையே, தொட்டித் தரைக்கும் கதவுக்கும் இடையே, ஒரு மெல்லிய கோடாக உறைந்திருக்கும்.

இந்தக் கோட்டின் வலிமையைக் குறைத்து எடைபோடக் கூடாது. பனிக்கட்டி சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ பலத்தில் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். பக்கங்களில் 50 சென்டிமீட்டர் வீதமும் அடியில் 150 சென்டிமீட்டருமாக 250 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம். மொத்தம் 250 சதுர சென்டிமீட்டர். 750 கிலோ விசை. எந்தக் கையும் அதை ஒரேயடியாகப் பிய்க்க முடியாது.

ஒரேயடியாகப் பிய்க்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே திறவுகோல். துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். மீட்டர் அளந்ததும் கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார். பிறகு இரு கையால் இழுத்தால் துணி சர்ரென்று நேராகக் கிழியும். அந்த வெட்டு இல்லாமல் பயில்வானாலும் கிழிக்க முடியாது. 1921-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ஆர்னல்ட் கிரிஃபித் கண்ணாடி ஏன் கணக்கிட்டதைவிட மிக எளிதில் உடைகிறது என்று ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். பொருளின் மேல் செலுத்தும் விசை விரிசலின் நுனியில் குவிகிறது. விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றல், புதிய பரப்பை உருவாக்கத் தேவையான ஆற்றலை எட்டிவிட்டால், விரிசல் தானாகவே ஓடும்.

பனிக்கட்டி விரிசலை எதிர்க்கும் திறனில் கண்ணாடியைவிடவும் மிகவும் தாழ்ந்தது. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மெதுவாக அழுத்தினால் வளைந்துகொடுக்கும். பனியாறுகள் மலையிறங்கி ஓடுவது அப்படித்தான். சட்டென்று அடித்தால் நொறுங்கும். நான் செய்ததுபோல் மெல்ல மெல்ல பலத்தைக் கூட்டி இழுப்பது, பனிக்கட்டிக்கு மிகவும் வசதியான தாக்குதல்.

அண்ணன் வெளியே இறங்கி, கையுறை போட்ட கையை முட்டியாக மடக்கி, அதன் சதைப்பகுதியால் கதவின் வலது மேல்மூலையில் ஓங்கித் தட்டினார். ஒரு தட்டு, ஒரு கை அகலம் கீழே, இன்னொரு தட்டு. பலகாரத் தட்டைக் கவிழ்த்து ஓரம் ஓரமாகத் தட்டுவதுபோல. நான்காம் தட்டில் சத்தம் மாறியது. அதுவரை ‘தொப்’ என்று கனமாக இருந்தது, ‘டங்’ என்று தகர ஓசையானது. பனிக்கட்டி விட்டுவிட்ட தகடு அதிர முடிகிறது, அதனால் ஒலிக்கிறது. அந்த ஓசை மாறும் இடத்தை வைத்தே விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று காதால் அளக்கலாம். வலம் முடிந்து, இடம் முடிந்து, அடிவிளிம்பில் மூன்று தட்டு. நறநறவென்று ஒரு நீண்ட சத்தம். கதவு சாய்ந்து, வடங்களில் வந்து நின்றது.

சுத்தியலையும் கடப்பாரையையும் அவர் தொடவில்லை. 2015 மாடல் தொடங்கி எஃப்-150 போன்ற பிக்கப்புகளின் உடல் அலுமினியத்தில் வருகிறது. ஓர் அடியில் பள்ளம் விழும். நெம்பினால் பெயின்ட் பெயர்ந்து, அடுத்த குளிர்காலத்தில் நீர் பிடித்துக்கொள்ள இன்னும் நல்ல மேடுபள்ளம் கிடைக்கும். பின்புறக் கேமராவின் வயரும் அந்த விளிம்புகளுக்கு அருகில்தான் ஓடுகிறது.

அக்டோபரின் வேலை

மார்ச் மாதத்தில் வெப்பநிலை முதன்முதலாக 0-வைத் தாண்டிய நாள், கதவின் அடியிலிருந்து துருநிற நீர் சொட்டுவதைப் பார்த்தேன். குனிந்து தேடியபோது அடிவிளிம்பில் நான்கு வடிகால் துளைகள். உள்ளே இறங்கும் நீர் வெளியேற வண்டி செய்தவர்கள் வைத்தவை. மூன்று அடைத்திருந்தன. வளைத்த கம்பியால் குடைந்தபோது கறுத்த கூழ் ஒரு கைப்பிடி வந்தது. விரலால் பிரித்தால் இலை நரம்புகள் தெரிந்தன. வின்னிபெக் தெருக்களில் கூரைபோல் கவிந்து நிற்கும் எல்ம் மரங்களின் இலைகள். முந்தின இலையுதிர்காலத்தில் தொட்டியில் விழுந்து, மக்கி, வடிகாலுக்கு இறங்கியவை. ஜனவரியில் கிளிப் முறிந்ததற்கான காரணம் அக்டோபரிலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

எனவே இப்போது என் வேலை அக்டோபரில் தொடங்குகிறது. வடிகால் துளைகளைக் குடைந்து திறக்கிறேன். உட்தகட்டைக் கழற்றி, தாழ்களில் உள்ள பழைய கிரீஸைத் துடைத்தெடுக்கிறேன். நீரை விரட்டும் டபிள்யூடி-40 தெளித்துக் காயவிடுகிறேன். 1953-இல் சான் டியாகோவில் ஒரு சிறு நிறுவனம், ராக்கெட் பாகங்களில் துரு பிடிக்காமலிருக்க நீரை விலக்கும் திரவம் தேடியது. 40-ஆம் முயற்சியில் கிடைத்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மெல்லியது, மாதக்கணக்கில் நிற்காது. அதனால் அதன் மேல் குளிர்தாங்கும் கிரீஸ் தடவுகிறேன். ரப்பர் ஓரங்களுக்கு சிலிக்கோன். அது நீரை ஒட்டவிடாது, ரப்பரையும் அரிக்காது. கிளிப்புகளைக் கையால் நெரித்துப் பார்த்து, வெளுத்தோ விரிசல் விட்டோ இருந்தால் மாற்றுகிறேன். குளிர்காலத்தில் வண்டியைக் கழுவினால், உறைவதற்கு முன் கதவைப் பத்து முறையாவது திறந்து மூடி, இடுக்குகளில் நின்ற நீரை உதறிவிடுகிறேன்.

காற்று வீசும் நாளில் இந்த வேலைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மைனஸ் 30-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடல் அதை மைனஸ் 46 போல உணரும்; மூடாத தோல் பத்து நிமிடங்களுக்குள் உறையக்கூடும். கதவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. காற்று எவ்வளவு வீசினாலும் அதனால் உலோகம் மைனஸ் 30-க்குக் கீழே போகாது. கதவுக்கு அவசரமில்லை, நமக்குத்தான் அவசரம். அந்த அவசரத்தில்தான் கை முதலில் இழுக்கிறது. விரல் மரத்துப்போனால் உள்ளே போய்ச் சூடேற்றிக்கொண்டு வாருங்கள். கதவு காத்திருக்கும்.

இப்போதெல்லாம் குளிர்காலக் காலையில் கைப்பிடியைத் தொடுவதற்கு முன் உள்ளங்கையைக் கதவின் மேல்விளிம்பில் வைத்து, உள்நோக்கி ஒரு தள்ளு தள்ளுகிறேன். சில நாள் கதவு மௌனமாகச் சிறிது நகர்ந்து, திரும்பி வரும்; அப்படியே திறக்கலாம். சில நாள் விளிம்பில் மெல்லிய நறநறப்பு கேட்கும். அன்று நான்கு தட்டு தட்ட வேண்டும். சில நாள் துளியும் அசையாது. அன்று கையை எடுத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் வயரைத் தேடி உள்ளே போகிறேன்.